எண்ணெய் விளக்கு எதனை அறியும்?

மை தீர்ந்த மாட்டுவண்டி தன் குறையைத் தானே உரைத்துவிடும். அச்சும் குடமும் உராய்ந்து எழுப்பும் கிறீச்சொலி தெருக்கோடியில் நிற்பவர் செவியிலும் விழும். வண்டிக்காரர் இறங்கி வந்து வண்டி மையைத் தடவிய பின்னரே மாடுகள் மீண்டும் நடக்கும். நெசவாலைகளில் இப்பணிக்கென்றே ஓர் ஆள் இருந்தார். நீண்ட மூக்குடைய எண்ணெய்க் கெண்டியைக் கையிலேந்தி, எந்திர வரிசைகளுக்கிடையே நடந்து, சுழலும் இடந்தோறும் சொட்டு விட்டுச் செல்வது அவர் வேலை. முதலியார்பேட்டையில் 1898இல் தோன்றி 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையில் உழைத்த முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மோட்டார் சைக்கிளில் அந்த ஆளும் இல்லை, அந்த ஓசையும் இல்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் வறண்டு ஓசை எழும் வேளையில் கேடு பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்திருக்கும். ஆகவே அவ்வாளின் இடத்தில் அமர்த்தப்பட்டதே, கைப்பிடிகளுக்கு நடுவே மினுங்கும் சிறு சிவப்பு விளக்கு. அதன்மேல் வரையப்பட்டுள்ள உருவமும் அந்த மூக்குக் கெண்டியேதான். மூக்கின் நுனியில் ஒரு சொட்டும் இருக்கும். பிள்ளைகள் அதனை அலாவுதீன் விளக்கு என்பர். தேய்த்தால் அதிலிருந்து பூதம் வராது. தேய்ந்தால் செலவு வரும்.

தமிழ்த்துறை மலரில் எண்ணெய் விளக்கைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்பதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட மணவை முஸ்தபா அவர்கள் கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தளித்தார். ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டுகள் நடத்திக் காட்டினார். சொற்களைத் தொகுத்து வைத்தால் மட்டும் போதாது. அவற்றை ஓர் உண்மையான பழுதின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். மேலும், நம் மாணவர் பலர் தந்தையோ மாமாவோ ஓட்டிய பழைய வண்டிகளிலேயே கல்லூரிக்கு வருகின்றனர். எஞ்சின் ஓடும்போதே இறுகிப்போனால் பின்சக்கரம் உருளாமல் நின்றுவிடும். கடலூர்ச் சாலையின் நெரிசலில், பின்னே பேருந்து வரும்போது அது நேர்வதை எண்ணிப் பார்த்தால், இக்கட்டுரைக்குத் தனியே காரணம் தேட வேண்டியதில்லை.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. சுவிட்சு என்பதற்குச் சொடுக்கி என்றும், பேரிங் என்பதற்குத் தாங்கி என்றும் நல்ல சொற்கள் வந்துள்ளன. வழக்கில் ஏறியவற்றை எடுத்தாள்வோம். ஏறாதவற்றிற்குப் பட்டறைச் சொல்லையே கொள்வோம். பழுது பார்ப்பவரிடம் சென்று ‘மசகெண்ணெய் அழுத்தச் சொடுக்கி’ என்றால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ‘ஆயில் லைட் சுவிட்ச்’ என்றால் உடனே ஸ்பேனரை எடுப்பார்.

ஓர் உருவம், இரு பொருள்

ஒரு சொல் பலபொருள் தருவதை இலக்கணத்தில் படிக்கிறோம். எண்ணெய் விளக்கும் அத்தகையதே. ஒரே கெண்டி உருவம், ஒரே சிவப்பு நிறம். ஆயினும் வண்டிக்கு வண்டி அதன் பொருள் வேறு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்து போகிறது. தொடக்கத்தில் பெட்ரோல் நிரப்பும்போதே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்குகளில் கைப்பம்பால் இறைத்து அளந்து ஊற்றிய அந்த எண்ணெயை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 1964இல் யமஹா நிறுவனம் ‘ஆட்டோலூப்’ என்னும் பெயரில் எண்ணெய்க்கெனத் தனித்தொட்டியும் சிறு பம்பும் வைத்து இத்தொல்லையைத் தீர்த்தது. நம் நாட்டில் 1985 முதல் ஓடிய யமஹா ஆர்.எக்ஸ். 100 இம்முறையைக் கொண்டதே. 1984இல் வந்த கினெடிக் ஹோண்டா ஸ்கூட்டரும் தனித்தொட்டி உடையது. தொட்டியில் எண்ணெய் குறைந்தால் அதன் முகப்பில் ஒரு விளக்கு எரியும். கியர் மாற்றும் தொல்லையற்ற அந்த ஸ்கூட்டர் புதுவையில் எத்தனை வீடுகளில் நின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் தனியே வண்டியோட்டிச் செல்லும் வழக்கம் பரவியதில் அதற்கும் பங்குண்டு.

இவ்வகை விளக்கு அறிவிப்பது அளவை. தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். எண்ணெய் தாழ்ந்தால் மிதவையும் தாழும், மின்சுற்று கூடும், விளக்கு எரியும். அப்போதும் தொட்டியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருக்கும். ஆகவே வீடுவரை செல்லலாம். அங்காடியில் எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் விளக்கு அளவை அறியாது. அது அறிவது அழுத்தம் ஒன்றையே. எண்ணெய் எஞ்சினின் அடியில் நிறைந்திருந்தும், பம்பு அதனை உரிய இடங்களுக்குத் தள்ளவில்லையெனில் விளக்கு எரியும். அது எரியும் நொடியில் சுழலும் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே நிற்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப்படலம் இல்லாமற் போய்க்கொண்டிருக்கலாம். இங்கே ‘வீடுவரை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. சாலையோரம் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துவதொன்றே செய்யத்தக்கது.

கினெடிக் ஹோண்டாவில் பழகிய கை, பின்னர் அழுத்த விளக்குடைய ஒரு பழைய வண்டியை ஓட்டும்போது என்ன செய்கிறது? ‘லைட் எரிகிறதா, நாளைக்கு ஆயில் வாங்கி ஊற்றலாம்’ என்று சொல்லி ஆக்சிலரேட்டரைத் திருகுகிறது. ஒரு வண்டிக்குப் பொருத்தமான பழக்கம் மற்றொரு வண்டியின் எஞ்சினைக் கொன்றுவிடுகிறது. ஆகையால், வண்டி எதுவாயினும் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே: இந்த விளக்கு அளவின் விளக்கா, அழுத்தத்தின் விளக்கா?

அழுத்தமும் சுவிட்சும்

அழுத்த விளக்கு எல்லா நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளிலும் இருப்பதன்று. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100இலும், 1994இல் வந்த ஸ்பிளெண்டரிலும் அது கிடையாது. அளவுக்கோலை உருவிப் பார்ப்பதே வழி. 1969இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சி.பி. 750 போன்ற பல சிலிண்டர் வண்டிகளிலும், இங்கிலாந்தின் பிற்கால டிரையம்ஃப் வண்டிகளிலும், அண்மையில் 2018இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650இலும் அது உண்டு. கார்களில் எங்கும் காணலாம்.

காரணம் தாங்கியின் வகையில் இருக்கிறது. பந்துகளும் உருளைகளும் கொண்ட தாங்கிகளுக்கு எண்ணெய் வந்து நனைத்தாலே போதும், பேரழுத்தம் வேண்டா. வழவழப்பான வெற்றுத்தாங்கிகளில் சுழலும் தண்டோ, அழுத்தத்தோடு ஊட்டப்படும் எண்ணெயின்மேல் மிதந்தே சுழல்கிறது. அழுத்தம் போனால் உலோகம் உலோகத்தைத் தீண்டும். சி.பி. 750இன் வணரித்தண்டு வெற்றுத்தாங்கிகளில் சுழல்வது. அதற்கு விளக்கு வைத்தது அணிகலனாக அன்று.

இனி மின்சுற்றைப் பார்ப்போம். பாட்டரியிலிருந்து சாவி வழியாக மின்சாரம் விளக்குக்கு வருகிறது. விளக்கிலிருந்து ஒற்றை வயர் எஞ்சினின்மேல் திருகப்பட்டிருக்கும் சுவிட்சுக்குச் செல்கிறது. சுவிட்சின் உடல் எஞ்சினைத் தொட்டிருப்பதால், எஞ்சினே திரும்பும் வழி. பட்டறையில் இதனை ‘எர்த்’ என்பர். சுவிட்சுக்குள் ஒரு மெல்லிய தகடும் சுருள்வில்லும் உள்ளன. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது வில் தொடுமுனைகளைச் சேர்த்து வைக்கும், விளக்கு எரியும். எஞ்சின் ஓடி எண்ணெய் தகட்டை அழுத்தும்போது முனைகள் விலகும், விளக்கு அணையும்.

ஆகவே சாவியைத் திருப்பியவுடன், எஞ்சினைக் கிளப்புமுன், இவ்விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரிவது குறையன்று, எரியாமையே குறை. இதனைப் பலர் தலைகீழாகக் கொண்டுள்ளனர். சாவி போட்டதும் சிவப்பு விளக்கைக் கண்டு அஞ்சுவோர், அது ஒருநாள் எரியாமற் போனால் ‘சரியாகிவிட்டது’ என்று மகிழ்கின்றனர். உண்மையில் அன்றுதான் வண்டி ஊமையானது.

மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. பழைய டிரையம்ஃப் 650 வண்டிக்கு, ஓடும்போது ஒரு சதுர அங்குலத்திற்கு 65 முதல் 80 பவுண்டு வரையும், மெதுவாக நின்றோடும்போது 20 முதல் 25 பவுண்டு வரையும் அழுத்தம் வேண்டும் என்பது அதன் கையேட்டுக் கணக்கு. விளக்கின் சுவிட்சுகளோ பெரும்பாலும் 10 பவுண்டுக்கும் குறைந்த அழுத்தத்திலேயே விளக்கை அணைத்துவிடுவன. எனில், 65 இருக்க வேண்டிய இடத்தில் 15 மட்டுமே இருந்தாலும் விளக்கு அணைந்தே இருக்கும். விளக்கு எரிந்தால் ஏதோ குறை உண்டு என்று கொள்ளலாம். எரியாமையால் நலம் என்று கொள்ளலாகாது. சுவிட்சுக்குத் தெரிந்தது மட்டுமே விளக்குக்குத் தெரியும். சுவிட்சு இருக்கும் இடத்தைத் தாண்டி, சிலிண்டர் தலைவரை எண்ணெய் ஏறுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

பழுதைத் தேடும் முறை

பழுது தேடுவதில் வரிசை இன்றியமையாதது: முதலில் எண்ணெய், பிறகு வயர், அதன்பின் சுவிட்சு, இறுதியில் பம்பு. இவ்வரிசையை மாற்றுவோர் சுவிட்சை மாற்றிவிட்டு எஞ்சினை இழப்பர். அல்லது எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு அறுந்த வயரைக் காண்பர்.

எண்ணெயின் அளவைப் பார்ப்பதற்கும் முறையுண்டு. பக்கத் தாங்கியில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்த்தல் கூடாது. சமதரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். சில வண்டிகளில் அளவுக்கோலைத் திருகாமல் துளையில் வைத்தே பார்க்க வேண்டும். சிலவற்றில் திருகிய பின் பார்க்க வேண்டும். இவ்வேறுபாடு கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். அளவோடு நாற்றத்தையும் கவனிக்கலாம். எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசினால், கார்புரேட்டரின் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கக்கூடும். அப்போது அளவு கூடியே காணப்படும். எண்ணெயோ நீர்த்துப்போய் அழுத்தம் தாங்காது. அளவு நிறைந்திருப்பதைக் கண்டு நிம்மதி அடைவோர் இவ்விடத்தில் ஏமாறுகின்றனர்.

எண்ணெய் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லையெனில், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போட்டு, சுவிட்சிலிருந்து வயரைக் கழற்ற வேண்டும். விளக்கு அணைந்தால் வயரில் குறையில்லை. அணையாவிடில் அந்த வயர் வழியில் எங்கோ உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மாறாக, சாவி போட்டும் விளக்கே எரியாத வண்டியில், கழற்றிய வயரின் முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் தொட வேண்டும். எரிந்தால் பல்பும் வயரும் நல்லவை, குறை சுவிட்சில். எரியாவிடில் பல்பையும் வயரையும் பார்க்க வேண்டும். ஒரு காசு செலவின்றி, ஐந்து நிமிடத்தில் செய்யத்தக்க சோதனைகள் இவை.

விட்டுவிட்டு எரியும் விளக்கு வேறு வகை. அது எப்போது எரிகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் மினுங்கினால் தளர்ந்த இணைப்பை ஐயுறலாம். வளைவில் சாயும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ எரிந்தால், எண்ணெய் குறைந்து, பம்பு உறிஞ்சும் வாய் வெளிப்பட்டுக் காற்றை இழுக்கிறது எனலாம். நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய பின், சிக்னலில் நிற்கும்போது மட்டும் மினுங்கி, ஆக்சிலரேட்டரைச் சற்றே திருகியதும் அணைந்தால், எஞ்சின் மிக மெதுவாக நின்றோடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு எண்ணெய் உரிய தரத்தினதா, நீர்த்துப்போனதா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் தாங்கிகள் தேய்ந்திருக்கக்கூடும். அது பெரிய செலவு. ஆனால் இறுகிப்போன எஞ்சினைவிடச் சிறிய செலவு.

புதுவைக்கென ஒரு தனிக் காரணமும் உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. சுவிட்சின் பித்தளை முனையிலும் வயரின் செம்பிலும் பச்சைக் களிம்பு ஏறுவதை முதலியார்பேட்டைப் பட்டறைகளில் அன்றாடம் காணலாம். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீரைக் கடந்துவந்த வண்டியாயின் சொல்லவே வேண்டா. களிம்பு ஏறிய முனை மின்சாரத்தைத் தடுப்பதால் விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியாது. உப்புத்தாளால் தேய்த்து, சிறிது கிரீஸ் தடவி, ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டினால் பல காலம் தாங்கும். அந்த ரப்பர் மூடி பெரும்பாலான பழைய வண்டிகளில் காணாமற் போயிருக்கும்.

ஒரு பட்டறையில் கண்டது

நம் முன்னாள் மாணவர் ஒருவர், தம் மாமா விட்டுச் சென்ற பழைய நான்கு சிலிண்டர் ஹோண்டா ஒன்றை வைத்திருக்கிறார். அதன் எண்ணெய் விளக்கு ஒருநாள் அணையாமல் எரியத் தொடங்கியது. முதலில் அவர் சென்ற இடத்தில், ‘பழைய வண்டி என்றால் இப்படித்தான், வயரை வெட்டிவிடலாம்’ என்றனர். மாணவர் மனம் ஒப்பாமல், ஆலையில் ஃபிட்டராக இருந்து பின்னர் பட்டறை வைத்த முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொணர்ந்தார். அன்று நாமும் உடனிருந்தோம்.

“அண்ணே, லைட்டு சும்மா எரியுது, பொய் சொல்லுது” என்றார் மாணவர். “பொய்யா நெசமான்னு அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல எஞ்சினை நிறுத்து” என்றார் அவர்.

எண்ணெய் அளவு சரியாக இருந்தது. சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினார், விளக்கு அணையவில்லை. வயரைப் பற்றிக்கொண்டே விரலால் தடவிச் சென்றவர், எஞ்சின் சூட்டில் உறை உருகிச் செம்பு தெரிந்த இடத்தைக் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்தார். புது உறை மாட்டியதும் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. மாணவர் பணத்தை எடுத்தார். முதியவர் வாங்கவில்லை. சுவிட்சைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானி ஒன்றைத் திருகி, எஞ்சினைக் கிளப்பிச் சூடேறும்வரை ஓடவிட்டார். குளிர்ந்திருந்தபோது நிமிர்ந்து நின்ற முள், சூடேறச் சூடேறச் சாய்ந்து, நிற்க வேண்டிய இடத்திற்குக் கீழே வந்து நடுங்கியது.

அடித்தகட்டைக் கழற்றியபோது காரணம் விளங்கிற்று. பம்பு எண்ணெயை உறிஞ்சும் சல்லடையின்மேல், பூசிய பேஸ்ட்டின் துணுக்குகள் அடையாக ஒட்டியிருந்தன. முன்பு எப்போதோ எஞ்சினைத் திறந்து மூடியவர், கசிவைத் தடுக்க எண்ணிப் பேஸ்ட்டை அளவுக்குமேல் அப்பியிருக்கிறார். உட்புறம் பிதுங்கியது உதிர்ந்து சல்லடையில் சேர்ந்துவிட்டது. விளக்கு எரிந்ததற்குக் காரணம் வயர்தான். ஆயினும் விளக்கு பொய்யாக எரிந்தது என்பதால் எண்ணெய் மெய்யாகவே ஓடுகிறது என்று ஆகிவிடாது. இரண்டும் தனித்தனி வினாக்கள். வயரைச் சரிசெய்ததோடு நிறுத்தியிருந்தால், அவ்வண்டி அணைந்த விளக்கோடு இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒருநாள் நடுச்சாலையில் நின்றிருக்கும்.

சல்லடையின் அடைப்பைப் போலவே, பம்பின் தேய்மானமும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வதும் அழுத்தம் குறையக் காரணங்களாகும். இவை எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டியவை. வீட்டு முற்றத்தில் செய்யத்தக்கவை அல்ல.

மிதவை விளக்கின் குறைகள்

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் மிதவை விளக்கில் சோதிக்க வேண்டியவை குறைவே. மிதவை பிசுபிசுத்த பழைய எண்ணெயில் சிக்கி மேலேயே நின்றுவிடலாம். அப்போது தொட்டி காலியானாலும் விளக்கு எரியாது. மிதவையை வெளியே எடுத்துப் பெட்ரோலில் கழுவி, கையால் மேலும் கீழும் நகர்த்தி விளக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்விளக்குக்கு பம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொட்டி நிறைந்திருக்க, குழாயில் காற்றுக்குமிழி அடைத்து எண்ணெய் இறங்காமல் நிற்கலாம். விளக்கு அமைதியாக இருக்கும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகும். தொட்டி ஒருமுறை முற்றிலும் வற்றிப்போன வண்டியில் எண்ணெயை ஊற்றியதும் உடனே ஓட்டிச் செல்வது ஆகாது. பம்பில் உள்ள திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதுவரை பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி அளவில் எண்ணெய் கலந்துகொள்வது காப்பாகும். ஓடும்போது எஞ்சின் இறுகுவதுபோலத் தோன்றினால் உடனே கிளட்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் விடுபட்டு உருளும்; வண்டி கவிழாது ஒதுங்க வழி கிடைக்கும். ஐயமுள்ள வண்டியை ஓட்டுவோர் கிளட்சின்மேல் இரு விரல்களை வைத்தே ஓட்டுவது பழைய பழக்கம்.

விளக்கே இல்லாத புல்லட்

நம் நாட்டின் புகழ்மிக்க பழைய வண்டிக்கு இவ்விளக்கே இல்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வெளிவந்தது. அப்பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் எண்ணெய் அடியில் தங்குவதில்லை. எஞ்சினோடு சேர்த்து வார்த்த தனி அறையில் இருக்கும். ஒரு பம்பு எண்ணெயை அனுப்பும். மற்றொன்று அடியில் வடிந்ததைத் திரும்பக் கொணரும். திரும்பும் எண்ணெய் மேலேறி, வால்வுகளை இயக்கும் ராக்கர்களை நனைத்துவிட்டு இறங்கும்.

இதில் எண்ணெய் ஓடுகிறதா என்று எப்படி அறிவது? சிலிண்டர் தலைக்குச் செல்லும் மெல்லிய குழாயின் திருகைச் சற்றே தளர்த்தி எஞ்சினை மெதுவாக ஓடவிடுவர். எண்ணெய் கசிந்தால் ஓட்டம் உண்டு. பழைய புல்லட்காரர்கள் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வர். ஆனால் இச்சோதனைக்கும் எல்லையுண்டு. பல நாள் நின்ற புல்லட்டில் அறையிலுள்ள எண்ணெய் மெல்லக் கசிந்து எஞ்சின் அடியில் தேங்கியிருக்கும். கிளப்பியவுடன் மேலேறுவது அத்தேங்கிய எண்ணெயாக இருக்கலாம். அனுப்பும் பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றாகாது. சில நிமிடங்கள் சென்றும் கசிவு தொடர்ந்தால்தான் நம்பலாம். அதே காரணத்தால், நெடுநாள் நின்ற புல்லட்டில் அளவுக்கோல் குறைத்துக் காட்டும். அதனை நம்பி மேலும் ஊற்றினால் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் மிகுந்து மூச்சுக்குழாய் வழியே வெளியே கொட்டும். சற்று ஓட்டிவிட்டுப் பார்ப்பதே முறை.

புதுச் சுவிட்சும் பழைய வண்டியும்

சுவிட்சு பழுது என்று உறுதியானபின் மாற்றுவது எளிது. அதன் மரையைக் கவனிக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு சுவிட்சுகளில் ஒன்று கூம்பு மரை, மற்றொன்று நேர்மரையாக இருக்கும். மாற்றி முறுக்கினால் அலுமினிய உறை வெடித்துவிடும். கசியாதிருக்கத் தெஃப்லான் நாடாவைச் சுற்றிச் சுற்றி முறுக்குவதும் நன்றன்று. நாடா மின்சாரத்தைக் கடத்தாது. சுவிட்சின் உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே தொடர்பு அற்றால் புதுச் சுவிட்சும் ஊமையே. நாடாவின் நுனி உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கவும் கூடும்.

பழைய வண்டி வாங்கச் செல்வோர் வண்ணப்பூச்சையும் டயரையும் பார்க்குமுன் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். விளக்குடைய வண்டியாயின் அது எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பிய சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவில்லையெனில், விற்பவர் ‘பல்பு போய்விட்டது, பத்து ரூபாய் வேலை’ என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். குனிந்து எஞ்சின் பக்கம் சுவிட்சைப் பார்க்க வேண்டும்: அதன் முனையில் வயர் மாட்டியிருக்கிறதா, அல்லது வெட்டிக் கறுப்பு நாடா சுற்றி மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா? வெட்டியிருந்தால், விலை பேசுமுன் ஓர் அழுத்தமானியோடு பட்டறைக்காரரை உடன் அழைத்துவருவது நல்லது.